வாவிக்கரைக் கைவினைகள் – 9: முடிச்சில்லாத வலை

கடந்த இரண்டு பகுதிகளில் பழுகாமத்துக் கரையில் வீச்சுவலை முடிகிறவர்களையும் மருதமுனைத் தறிகளையும் பார்த்தோம். வலையில் நூல் முடிச்சால் நிற்கிறது. தறியில் ஊடும் பாவுமாக இறுகி நிற்கிறது. இந்த இரண்டையும் விட்டு மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதில் முடிச்சும் இல்லை, தறியும் இல்லை. நூல்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டியும் முறுக்கிக்கொண்டும் தம்மைத் தாமே பிடித்துக்கொள்கின்றன. சட்டைக் கழுத்திலும் தலையணை உறையின் ஓரத்திலும் நம் பெண்கள் வைத்துத் தைக்கிற ரேந்தையின் பழைய கைவடிவம் அது.

தெற்கே காலியிலும் வெலிகமவிலும் சிங்களப் பெண்கள் அதைப் பீரளு என்று சொல்லி இன்றும் பின்னுகிறார்கள். கடலுக்கு அப்பால் நாகர்கோவிலில், 200 வருடங்களுக்கு முன்பு, அடிமைக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் இதே வேலையின் கூலியால் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். நம் மட்டக்களப்பிலோ, போர்த்துக்கேயரின் வழிவந்த மக்கள் இன்றுவரை வாழ்ந்தும், இது காலியைப் போல் ஊர் அறிந்த தொழிலாக வேரூன்றவில்லை. ஏன் என்பதே இந்தப் பகுதியின் கேள்வி. அதற்கு முன் கையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். அது விளங்காமல் வரலாறு விளங்காது.

சாமான்கள் கொஞ்சம்தான். வைக்கோலோ தும்போ இறுக அடைத்து, மேலே துணி போர்த்துத் தைத்த உருளைத் தலையணை ஒன்று. அதைத் தாங்கிக்கொள்ள ஒரு மரச்சட்டம் அல்லது பெட்டி. வேலை வளர வளரத் தலையணையைச் சுற்றிவிட்டால் போதும், எத்தனை முழம் வேண்டுமானாலும் அறுபடாமல் பின்னலாம். தலையணையின் மேல் ஒரு கடதாசிப் பட்டி சுற்றப்பட்டிருக்கும். அதில் மாதிரிக்கு ஏற்றபடி துளைகள் குத்தியிருக்கும். ஊசி எங்கே இறங்க வேண்டும் என்பதை அந்தத் துளைதான் சொல்கிறது. கைதேர்ந்தவளுக்கு அந்தக் கடதாசிதான் முதல். அது பழுதானால் பழையதன் மேல் புதியதை வைத்து ஒவ்வொரு துளையாகக் குத்திப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். தாயிடமிருந்து மகளுக்குப் போன சொத்தும் அதுதான்.

பிறகு கட்டைகள். கடைந்தெடுத்த மரக்கட்டை, ஏறக்குறைய ஒரு விரல் நீளம். மேல்பாதி கழுத்தாக ஒடுங்கியிருக்கும், அங்கேதான் நூல் சுற்றுவது. கீழ்ப்பாதி பருத்திருக்கும். அந்தப் பருமன் அழகுக்காக வைத்ததல்ல. தொங்கும் கட்டையின் பாரம்தான் நூலை எப்போதும் ஒரே இழுப்பில் வைத்திருக்கிறது. கட்டையின் தலையில் நூலை ஒரு சுருக்கு மட்டும் போட்டு விடுவார்கள். அதனால் கட்டை தானாக அவிழ்ந்து இறங்காது. நூல் வேண்டும்போது கட்டையை விரலிடுக்கில் உருட்டினால் கொஞ்சமாக விடும். ஒடுக்கமான ஓரப்பட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு சோடி போதும். அகலமான வேலைக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும்.

கட்டைகள் எத்தனை இருந்தாலும் கை ஒரு நேரத்தில் தொடுவது நான்கைத்தான், அதாவது இரண்டு சோடியை. மற்றவை இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கிடக்கும். நான்கையும் இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று எண்ணிக்கொள்வோம். எண் கட்டைக்கு அல்ல, அது கிடக்கும் இடத்துக்கு. 2-ஐத் தூக்கி 3-க்கு மேலாகப் போட்டால் அது குறுக்கு. 2-ஐ 1-க்கு மேலும் 4-ஐ 3-க்கு மேலும் ஒரே நேரத்தில் போட்டால் அது முறுக்கு. பின்னுகிற கைக்குத் தெரிய வேண்டிய அசைவு இந்த இரண்டும்தான்.

குறுக்கு, முறுக்கு என்று இரண்டோடு நிறுத்தினால் நூல்கள் சாய்ந்து ஓடும் சல்லடைப் பரப்பு வரும். குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று மூன்றாகச் செய்தால் ஒரு சோடி மற்றச் சோடிக்கு ஊடே புகுந்து மறுபக்கம் போய்விடும். அதையே வரிசை வரிசையாகச் செய்தால் நாங்கள் இழைக்கிற பன்பாயை நூலில் இழைத்ததுபோல் நெருக்கமான பரப்பு கிடைக்கும். இரண்டு சோடியை மட்டும் வைத்துக் குறுக்கு, முறுக்கு என்று திரும்பத் திரும்பச் செய்தால் மெல்லிய சடை. ஒரு நூல் மற்ற மூன்றுக்கும் ஊடே வலமும் இடமுமாகப் போய்வந்தால் அது இலை. கற்றுக்கொள்பவளை அழவைப்பது இந்த இலைதான். ஓடுகிற அந்த ஒரு நூலை ஒரு கணம் கைவிட்டாலும், கட்டையின் பாரமே அதை இழுத்து, அரும்பி வந்த இலையைச் சுருக்கிவிடும்.

ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குண்டூசி. ஊசி நூலைக் குத்துவதில்லை. இரண்டு சோடிக்கும் நடுவே துளையில் இறங்கி நிற்கும். அடுத்த பின்னல் அதைச் சுற்றி மூடும்போது நூல் அங்கே நிலைபெறுகிறது. பின்னால் சில அங்குலம் வளர்ந்த பிறகு பழைய ஊசிகளைப் பிடுங்கி முன்னால் குத்திக்கொண்டு போவார்கள். அப்போதும் பின்னல் அவிழாது. ஊசி பித்தளையாக இருப்பது நல்லது. உப்புக் காற்றில் இரும்பூசி துருப்பிடிக்கும், வெள்ளை நூலில் ஒட்டிய துருக்கறை இலேசில் போகாது. கடற்கரையில் வாழ்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் இது சணலைப் போன்ற ஆளிச்செடி நாரில் தொடங்கியது. பின்னர், 19ஆம் நூற்றாண்டில், பருத்தி நூல் அதன் இடத்தைப் பெருமளவில் பிடித்துக்கொண்டது. நம் நாட்டில் பருத்திதான். நூலின் எண் கூடக் கூட இழை மெலியும். மெல்லிய நூலை அகன்ற துளை மாதிரியில் போட்டால் வேலை தொளதொளத்துத் தொங்கும். தடித்த நூலை நெருங்கிய மாதிரியில் போட்டால் கட்டியாகிப்போகும். நூலுக்கு இயல்பாகவே ஒரு முறுக்குத் திசை உண்டு. கட்டையில் சுற்றுவதும், பின்னும்போது கட்டையை உருட்டுவதும் அந்த முறுக்கைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். முறுக்குத் தளர்ந்த நூல் நடுவேலையில் அறும். இடையில் நூல் தீர்ந்தால் முடிச்சுப் போடமாட்டார்கள். புதிய நூலைப் பழையதோடு சேர்த்துப் பிடித்துச் சில பின்னல் இரட்டையாகப் போட்டு, பின் பழையதை வெட்டிவிடுவார்கள். முடிந்த பட்டியில் அந்த இடத்தைத் தேடினாலும் கண்டுபிடிப்பது கடினம்.

இனி வரலாறு. இந்தக் கைவேலை 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலியிலும் பிளாண்டர்ஸிலும் உருவெடுத்தது. வெனிசில் இதற்கான மாதிரிப் புத்தகங்கள் 1550-களில் அச்சாகிவிட்டன. 1561-ல் சூரிச்சில் வெளிவந்த ஒரு மாதிரிப் புத்தகம், வெனிஸ் வணிகர்கள் வழியாக 1536-ல் இந்த வேலை தங்கள் ஊருக்கு வந்தது என்று எழுதிவைத்திருக்கிறது. போர்த்துக்கல்லில் அது கரையோர ஊர்களில், பெனிஷியிலும் விலா டோ கொண்டேயிலும், மீனவர் வீட்டுப் பெண்களின் கையில் ஊன்றியது. வலை இருக்கும் இடத்தில் ரேந்தை இருக்கும் என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. ஆண்கள் கடலுக்குப் போக, பெண்கள் திண்ணையில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு பின்னினார்கள். பிரேசிலின் கரையோரங்களுக்கும் அதுவே போனது.

இலங்கைக்கும் போர்த்துக்கேயர் வழியாகவே வந்தது. பின்னால் ஒல்லாந்தர் காலத்தில் வந்திருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. ஆனால் கட்டையைக் குறிக்கும் பீரளு, வேலையைக் குறிக்கும் ரேந்தை என்ற இரண்டு பெயருமே போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவை. ஒல்லாந்தர் கொண்டுவந்திருந்தால் தலையணையில் கிடக்கும் கட்டைக்கே போர்த்துக்கேயப் பெயர் எப்படி ஒட்டும்? எனக்கு இதில் ஐயமில்லை.

காலியைப் போர்த்துக்கேயர் 1640 வரை வைத்திருந்தார்கள். அதற்குப் பின் ஒல்லாந்தர், 1796-க்குப் பின் ஆங்கிலேயர். ஆட்சி மாறினாலும் தலையணை மாறவில்லை. தென்கரைச் சிங்களப் பெண்கள் அதைத் தங்கள் உடுப்புக்கே எடுத்துக்கொண்டார்கள். கழுத்திலும் கையிலும் ரேந்தை வைத்த வெள்ளைச் சட்டையும் கம்பாயமும் அந்தப் பக்கத்தில் நெடுங்காலம் நல்ல நாள் உடுப்பாக இருந்தன. உள்ளூரில் உடுத்துகிறவர் இருந்தது ஒரு பலம். இன்னொரு பலம் துறைமுகம். கொழும்பில் அலைதாங்கி எழும்புவதற்கு முன், ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நின்ற இடம் காலி. அங்கே இறங்கிய வெள்ளைக்காரப் பயணிகளின் குறிப்புகளில் ஆமையோட்டுச் சாமான், கருங்காலிப் பெட்டி, இரத்தினக்கல் ஆகியவற்றோடு ரேந்தை விற்பவர்களும் வருவார்கள். கொழும்பு அலைதாங்கிக்கு 1875-ல் அடிக்கல் நட்டு 1885-ல் முடித்தார்கள். கப்பல்கள் அங்கே திரும்பிய பிறகு காலி இளைத்தது. அதற்குள் வேலை கைகளில் ஊறியிருந்தது.

மட்டக்களப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பியது 1628-ல். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638-ல். பத்தே வருடம். ஆனால் போர்த்துக்கேய வழிவந்தவர்கள் இங்கே நிலைத்துவிட்டார்கள். நாம் பறங்கியர் என்று அழைக்கும் அவர்கள் தச்சு, கொல்லு, தையல் வேலைகளில் பெயர் பெற்றவர்கள். வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றி வந்தவர்கள். திருமணத்தில் கஃப்ரிஞ்ஞா ஆடுகிறவர்கள். வாவியைச் சுற்றி வலையும் இருந்தது, நூலோடு பழகிய கையும் இருந்தது. பெனிஷிக்காரர்களின் சொலவடைப்படி பார்த்தால் ரேந்தை இங்கே செழித்திருக்க வேண்டும்.

நூலும் கையும் மட்டும் ஒரு தொழிலை நிறுத்திவிடாது, வாங்குகிறவர் வேண்டும் என்பதே என் எண்ணம். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் ஆழமற்றது, மணல் மூடுவது. பயணிகள் கப்பல் காலியில் நின்றதுபோல் இங்கே நிற்கவில்லை. புகையிரதமே 1928-ல்தான் வந்தது. படுவான்கரையில் வயலும் மாடும், எழுவான்கரையில் தென்னையும் மீனும் என்று இந்த மாவட்டத்தின் வரவு வேறு வழியில் ஓடியது. நம் பெண்களின் உடுப்பும் சேலையும் சட்டையுமாக இருந்ததால், காலிச் சட்டையைப் போல் முழக்கணக்கில் ரேந்தை கேட்கவில்லை. ஒரு பறங்கிப் பெண் தன் மகளின் ஞானஸ்நானச் சட்டைக்குப் பின்னினாலும் அது அந்த வீட்டோடு நிற்கும், சந்தைக்கு வராது.

இந்த எண்ணத்தை உறுதிப்படுத்துவது நாகர்கோவில். அங்கே போர்த்துக்கேயர் வழியாக அல்ல, இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிப் பெண் ஒருவர் வழியாக இந்த வேலை வந்தது. இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவருடைய மனைவி மார்த்தாவும் 1819-ல் நாகர்கோவிலில் இறங்கினார்கள். பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார்கள். 1820-களின் தொடக்கத்தில் மார்த்தா அந்தப் பிள்ளைகளுக்குத் தலையணை ரேந்தை கற்றுக்கொடுத்தார். விற்கும் வழி அவர்கள் கையிலேயே இருந்தது. மதராசிலும் இங்கிலாந்திலும் இருந்த மிஷன் தொடர்புகள் வழியாகச் சரக்கு போனது, பணம் திரும்பி வந்தது.

அந்தப் பிள்ளைகள் யார் என்பதில்தான் இந்த வரலாற்றின் கனம் இருக்கிறது. நாகர்கோவில் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படியே இருந்தது. அது முற்றாக ஒழிந்தது 1855-ல். பள்ளிக்கு வந்தவர்களில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துவைத்து, தங்களைச் சொந்தம் கொண்டாடிய எசமானுக்கு விலை கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். சட்டம் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, பன்னிரண்டு சோடிக் கட்டையை உருட்டி அந்தப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே வாங்கினார்கள். நம் மொழி பேசுகிற பெண்களின் உழைப்பு வரலாற்றில் இதற்கு இணையான பக்கம் அதிகம் இல்லை. இது பள்ளிப் புத்தகங்களில் ஒரு பாடமாகவே வர வேண்டியது.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. திருவிதாங்கூர்ச் சாணார் பெண்கள் மார்பை மூட உரிமை கேட்டதும், அதற்காகத் தெருவில் சேலை கிழிக்கப்பட்டதுமான தோள்சீலைப் போராட்டம் 1822-ல் தொடங்கி 1859 வரை நீண்டது. 1859 பிரகடனம்கூட அவர்களை மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்த விடவில்லை, சட்டை போட்டோ வேறு விதமாகவோ மார்பை மூட மட்டும் இசைந்தது. மேலே துணி போடவே சண்டை பிடிக்க வேண்டியிருந்த ஊரில், அந்த ஊர்ப் பெண்களின் கை இங்கிலாந்துச் சீமாட்டிகளின் கழுத்துக்கு ரேந்தை பின்னிக்கொண்டிருந்தது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்தவர், சிறுவயதிலிருந்தே தமிழ் பேசி வளர்ந்தவர். 1844-ல் அவர் மணந்தது இராபர்ட் கால்டுவெல்லை. 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அதே கால்டுவெல். அவருடைய பெயரை அறியாத தமிழ் வாசகர் இல்லை. ஆனால் தேரிமணல் ஊரான இடையன்குடியில் எலைசா பெண்களுக்குப் பள்ளி நடத்தியதையும், தாயிடம் கற்ற ரேந்தைத் தலையணையை அங்கேயும் கொண்டுவந்து வைத்ததையும் எத்தனை பேர் பேசுகிறோம்? இடையன்குடி ரேந்தை ஒரு காலத்தில் அந்த ஊரின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோனது. கன்னியாகுமரிப் பக்கத்து முளகுமூட்டிலும், 1897-ல் பெல்ஜியத்திலிருந்து வந்த அன்னை மரிய லூயிஸ் தெ மீஸ்தர் தொடங்கிய கன்னியர் மடம் இதே போன்ற நூல்வேலைகளைப் பெண்களின் பிழைப்பாக்கியது.

இயந்திரம் இதையெல்லாம் விட்டுவைக்கவில்லை. ஜோன் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் கட்டைப் பின்னலின் அசைவையே உருக்கிலும் பித்தளையிலும் செய்துகாட்டி 1809-ல் காப்புரிமை பெற்றார். 1816-ல் லக்பரோவில் அவருடைய ஆலைக்குள் ஆட்கள் புகுந்து 55 பொறிகளை அடித்து நொறுக்கினார்கள். அவர் டிவர்ட்டனுக்கு இடம் மாறி மறுபடி தொடங்கினார். அந்தப் பொறியின் பேரப்பிள்ளைகள் தள்ளுகிற ரேந்தைதான் இன்று மட்டக்களப்புச் சந்தையில் யார் கணக்கில் கிடைக்கிறது. நாள் முழுக்கக் குனிந்திருந்தாலும் அகலமான கைரேந்தை சில அங்குலமே வளரும். அந்தக் கூலியை அந்த விலையோடு வைத்துப் பார்த்தால், தென்கரையில் பிள்ளைகள் ஏன் தலையணையை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையும் இல்லை.

2004 டிசம்பர் 26-ன் ஆழிப்பேரலை தென்கரையையும் நம் கரையையும் ஒன்றாகவே அடித்தது. காலி, மாத்தறைக் கரையில் வீடுகளோடு தலையணைகளும் கட்டைகளும் தலைமுறை தலைமுறையாகக் குத்திவைத்த கடதாசிகளும் போயின. பின்னர் திக்வெல்லவில் பெண்கள் ஒன்றுகூடி வேலையை மறுபடி எடுத்தார்கள். இங்கே, பறங்கியர் நெருங்கி வாழ்ந்த டச்பார் கடலோடு போனது. எத்தனையோ உயிர்கள். அந்த உயிர்களோடு அவர்களின் பெட்டிகளில் இருந்த பழைய உடுப்பும் படமும் போயின. மட்டக்களப்பில் ரேந்தை பின்னியிருந்தால், அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவற்றில் எவ்வளவோ அந்த ஒரு காலையில் போயிருக்கும்.

மிஞ்சியது எங்காவது இருக்கும். அதனால்தான் இந்தப் பகுதியை எழுதினேன். பறங்கிக் குடும்பங்களிலோ, பழைய கத்தோலிக்க, மெதடிஸ்த குடும்பங்களிலோ, பாட்டியின் பெட்டகத்தில் ஞானஸ்நானச் சட்டை, தலைமுக்காடு, பீடத்துணி ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சங்கிலி சங்கிலியாக வளையங்கள் கோத்திருந்தால் அது குரோஷே ஊசியில் செய்தது. அதுவும் அழகான வேலைதான், ஆனால் வேறு. நூல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கிப் பாய் இழைப்பாகத் தெரிந்து, இலைகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபட்டு, எங்குமே முடிச்சு காணாவிட்டால் அது கட்டையில் பின்னியது. எல்லா இலையும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகவே இருந்தால் பெரும்பாலும் பொறியில் செய்ததாக இருக்கும்.

அப்படி ஒன்று கிடைத்தால் வெளுப்பு மருந்தில் போட வேண்டாம், வெயிலில் காயவிட வேண்டாம். குத்தியிருக்கும் ஊசி ஏதும் இருந்தால் எடுத்துவிடுங்கள். மடிப்பில்தான் பழைய நூல் அறும், ஆகவே மடிக்காமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுருட்டி வையுங்கள். பொலித்தீன் பையில் அடைக்க வேண்டாம். அளவு தெரிவதற்கு ஒரு காசை அருகில் வைத்துக் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். யார் பின்னியது, எந்த ஊரில், யாரிடம் கற்றது என்று வீட்டில் மூத்தவரைக் கேட்டு, கேட்ட அன்றே எழுதிவையுங்கள். கட்டையோ துளைக் கடதாசியோ கிடைத்தால் அது பட்டியை விடப் பெறுமதி கூடியது, விறகோடு போய்விட விடாதீர்கள்.

அடுத்த பகுதியில் பன்பாய்.

(தொடரும்)